வலென்சியா தோப்பு வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாடு: 4 மணிக்குக் கிளம்பலாமா?

ஏப்ரல் 14, வாசகர் கேள்வி

கணவரின் வேலைக்காக ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவருடன் வேலை பார்ப்பவரின் பெற்றோருக்கு அல்சீரா பக்கம் ஆரஞ்சுத் தோப்புக்குள் ஒரு சின்ன வீடு இருக்கிறதாம். 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். 1 மணிக்கு வரச் சொன்னார்கள். நான் சைவம், அவர் எல்லாம் சாப்பிடுவார். என்ன வாங்கிப் போவது? 4 மணிக்குத் திரும்பும் ரயிலைப் பிடிக்கலாம் என்று நினைக்கிறோம், போதுமா? ஸ்பானிஷ் எனக்குச் சுமார்தான்.

ஏப்ரல் 14, மாலை

4 மணி ரயிலை மறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1 மணிக்கு வரச் சொன்னால் 1 மணிக்கு இலை போடுவார்கள் என்று அர்த்தமில்லை. விறகு பற்றவைப்பதே அந்த நேரத்தில்தான். அரிசி வெந்து, இறக்கி, எல்லோரும் உட்காரும்போது 3 மணி நெருங்கிவிடும். நீங்கள் 4 மணிக்கு எழுந்தால் அப்போதுதான் பழம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். காபிகூட வந்திருக்காது. அல்சீராவிலிருந்து வலென்சியாவுக்கு சி-2 புறநகர் ரயில் இரவு வரை ஓடுகிறது. 8 மணிக்கு மேல் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதை மனதிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விருந்தாளியிடம் அவர்கள் கேட்பது பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. நேரத்தைத்தான் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையின் பாதியை நீங்கள் கொடுத்தால் அந்தக் குடும்பம் மனம் குளிர்ந்துபோகும்.

ஏப்ரல் 15

சைவம் பற்றி. இதை இன்றே சொல்லிவிடுங்கள். போன பிறகு சொன்னால் அந்த வீட்டு அம்மா துடித்துப்போவார்.

அன்றைக்குச் சாப்பாடு பெரும்பாலும் பாயேயா, தட்டையான பாத்திரத்தில் வேகும் அரிசிச் சமையல். வலென்சியா பாயேயாவில் கோழியும் முயலும்தான் அடிப்படை. சில வீடுகளில் வாத்து, சில வீடுகளில் நத்தை. காய் என்றால் தட்டையான பச்சை பீன்ஸ், அப்புறம் கர்ரோஃபோ என்கிற பெரிய வெள்ளை பயறு. நம் ஊர்க் கடையில் டபுள் பீன்ஸ் என்று வாங்குகிறோமே, அதே இனம். ஏப்ரலில் ஆர்ட்டிச்சோக் என்கிற மொட்டுக் காயும் கிடைக்கும், சிலர் போடுவார்கள். கறி வெந்த அதே தண்ணீரில்தான் அரிசி வேகிறது. அதனால் "கறியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறேன்" என்பது உங்களுக்குச் சரிவராது.

"நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "இறைச்சி இல்லை, மீன் இல்லை, ஹாமும் இல்லை" என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். ஹாம் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறி. எங்கள் மேல்வீட்டு வலென்சியாக்காரக் குடும்பம் எங்களை அவர்கள் ஊருக்கு முதன்முதலாகக் கூட்டிப்போனபோது என் மனைவிக்கென்று தனியாக ஒரு பட்டாணிக் கறி செய்து வைத்திருந்தார்கள். பார்த்துப் பார்த்துச் செய்தது. அதில் பொடிப்பொடியாக ஹாம் கிடந்தது. அவர்கள் கணக்கில் அது வாசனைக்குப் போடுவது, கறியில் சேராது. சாலட்டின் நடுவில் வைக்கும் டின் டூனாவும் அப்படியே. ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது, பழக்கம் அது.

சொல்லிவிட்டால் கவலையே வேண்டாம். உருளைக்கிழங்கு டோர்டீயா (தடிமனான ஆம்லெட், முட்டை உண்டு, பாருங்கள்), தணலில் சுட்ட ஆர்ட்டிச்சோக், தக்காளி தேய்த்த ரொட்டி, ஆலிவ், பாதாம், ஆட்டுப்பால் சீஸ் என்று வயிறு நிறைந்துவிடும். இரட்டை அடுப்பு உள்ள வீடாக இருந்தால் சின்னப் பாத்திரத்தில் காய்கறி மட்டும் போட்ட பாயேயாவே தனியாக வைப்பார்கள்.

ஏப்ரல் 15, இரவு

முட்டையும் சாப்பிடுவதில்லையா? அப்படியானால் டோர்டீயா போச்சு. அதையும் சேர்த்து நான்காகச் சொல்லுங்கள். ஆலியோலி என்று பூண்டுச் சாந்து ஒன்று வைப்பார்கள், அதிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும்.

ஏப்ரல் 16

என்ன வாங்கிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்: பழக்கூடை, பூங்கொத்து, புடவைத் துணி மேசை விரிப்பு.

பழக்கூடை வேண்டவே வேண்டாம், அதிலும் ஆரஞ்சு. நீங்கள் போகும் ஊருக்குப் பக்கத்து ஊர் கார்கஷென்ட். 1781இல் ஒரு பாதிரியார் அங்கேதான் விற்பனைக்கென்று முதல் ஆரஞ்சுத் தோப்பைப் போட்டார். அந்த வட்டாரமே ஆரஞ்சை நம்பி எழுந்தது. நீங்கள் திரும்பும்போது உங்கள் கையில் ஒரு பை ஆரஞ்சு திணிப்பார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை அடுமனைகளில் வரிசை நிற்கும். மதியம் யார் வீட்டுக்கோ போகிறவர்கள்தான் பாதிப் பேர். அங்கே சின்னச் சின்ன கேக்குகளை அட்டைத் தட்டில் அடுக்கி, காகிதம் சுற்றி, நூல் கட்டித் தருவார்கள். எடைக்கு விற்பது. அதில் ஒரு தட்டு வாங்கினால் போதும், யாருக்கும் உறுத்தாது. கூடவே ஒரு ஒயின் பாட்டில் கொண்டுபோனாலும் நல்லது. நீங்கள் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நம் ஊர்ப் பண்டம் கொண்டுபோக ஆசை என்றால் கடலைமிட்டாய். ஹிஹோனா என்கிற ஊரின் துர்ரோன், பாதாமும் தேனும் சேர்ந்த மிட்டாய், கிறிஸ்துமஸுக்கு வீடு தவறாமல் இருக்கும். அதனால் கடலைமிட்டாயைப் பார்த்ததும் அவர்கள் கை தானாக நீளும். எங்கள் மேல்வீட்டுப் பெரியவர் ஒரு துண்டு கடித்துவிட்டு, வெல்லத்தை எப்படிக் காய்ச்சுகிறீர்கள் என்று என்னை விசாரித்து எடுத்துவிட்டார். காரமான எதுவும் வேண்டாம். அவர்கள் சமையலில் சிவப்பாக ஒரு பொடி இருக்கும், பிமெந்தோன். நிறம்தான் மிளகாய், காரம் கிடையாது.

ஏப்ரல் 17

"ஸ்பெயின்காரர்கள் சோம்பேறிகள், அதனால்தான் 3 மணிக்குச் சாப்பிடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட மனம் வரவில்லை.

கிரீன்விச் தீர்க்கரேகை வலென்சியா பிராந்தியம் வழியாகத்தான் போகிறது. அதாவது லண்டனும் இவர்களும் சூரியனுக்கு ஒரே வரிசை. ஆனால் 1940இல் ஃபிராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. அது திரும்பவே இல்லை. அதன் மேல் கோடை நேரம் வேறு ஒரு மணி கூடுகிறது. ஏப்ரல் கடைசியில் வலென்சியாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் மதியம் 2 மணி காட்டும். நம் ஊரில் உச்சிவெயில் சாய்ந்ததும் சாப்பிட உட்காருகிறவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லையே.

அது மட்டும் இல்லை. தோப்பில் வேலை செய்கிறவர்கள் காலை 10 மணிவாக்கில் ஒரு முழ நீள ரொட்டிக்குள் முட்டையோ இறைச்சியோ வைத்து, வறுத்த வேர்க்கடலையோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது ஒரு முழுச் சாப்பாடு. அதற்கப்புறம் 3 மணிக்குத்தான் பசிக்கும். நீங்களும் ஞாயிறு காலை 11 மணிக்கு ஏதாவது கனமாகச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.

ஏப்ரல் 18

போய் இறங்கியதும் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பதற்றம் குறையும்.

அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் வணக்கம் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கையசைப்பு என்பது செல்லாது. பெண்கள் இரண்டு கன்னத்திலும் கன்னம் வைப்பார்கள், ஆண்கள் உங்களிடமும் அப்படியே வரலாம். பிடிக்கவில்லை என்றால் முதல் ஆளாகக் கையை நீட்டிவிடுங்கள். சிரித்துக்கொண்டு நீட்டினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாட்டி இருந்தால் முதலில் பாட்டியிடம் போங்கள்.

பிறகு தோப்பைச் சுற்றிக் காட்டுவார்கள். இதைச் சடங்கு என்று நினைத்து அவசரப்படுத்தாதீர்கள். ஏப்ரலில் ஆரஞ்சுப் பூ வாசம் தலையைச் சுற்றவைக்கும். ஒரே மரத்தில் பூவும் போன பருவத்துப் பழமும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பெரியவர் ஒரு பழத்தைப் பறித்து, பேனாக்கத்தியால் சீவி, அங்கேயே கொடுப்பார். சாறு முழங்கை வரை வழியும். வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள்.

ஏப்ரல் 19

சமையல் பற்றி நீளமாக எழுதப் போகிறேன். காரணம், அந்த ஒன்றரை மணி நேரத்தை வீட்டுக்குள் சோஃபாவில் கழிக்கிற விருந்தாளி சாப்பாட்டில் பாதியைத் தவறவிட்டவர்.

அடுப்பு வெளியில், சுவரோரம். மூன்று கால் இரும்பு வளையம், அதன் மேல் இரண்டு கைப்பிடி உள்ள தட்டையான பெரிய இரும்புப் பாத்திரம். பன்னிரண்டு பேருக்கான பாத்திரத்தை இரண்டு கையையும் விரித்துத்தான் தூக்க முடியும். விறகு, கவாத்து செய்து காயவைத்த ஆரஞ்சுக் கிளை. சீராக எரியும், புகையில் ஒரு மணம் உண்டு.

முதலில் எண்ணெயை நடுவில் ஊற்றுவார்கள். எண்ணெய் ஒரு பக்கமாக ஓடினால் கால்களுக்கு அடியில் கல்லோ மரச்சில்லோ வைத்து மட்டம் பார்ப்பார்கள். இது சரியாகாமல் யாரும் அடுத்த வேலைக்குப் போவதில்லை, ஏனென்றால் அரிசி ஒரு விரல் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது. பாத்திரம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் குழையும், ஒரு பக்கம் காயும்.

உப்புத் தூவி, கோழியும் முயலும் பொன்னிறமாகும் வரை வதக்குவார்கள். அவசரமே கிடையாது, அரை மணி நேரம்கூடப் போகும். கறியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் காய். அப்புறம் துருவிய தக்காளி. அப்புறம் பிமெந்தோன் பொடி. அந்த இடத்தில்தான் சமைப்பவர் முகம் மாறும். பொடி எண்ணெயில் பட்ட சில நொடிகளில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், கருகினால் எல்லாம் கசந்துபோகும். எங்கள் பெரியவர் அந்த நேரத்தில் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு "தண்ணி!" என்று கத்துவார். யாராவது குடத்தோடு தயாராக நிற்பார்கள். என்னை அந்த வேலைக்கு நிறுத்தியபோது நான் இந்த வீட்டு ஆள் ஆகிவிட்டேன் என்று தோன்றியது. இன்றும் அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

தண்ணீர் கைப்பிடி ஆணிகள் வரை. அதுவே அளவுகோல். அரை மணி கொதித்துச் சாறு இறங்கியதும் குங்குமப்பூ. பல வீடுகளில் மஞ்சள் நிறப் பொடிப் பொட்டலமும் சேரும், அதை யாரும் மறைப்பதில்லை. உப்பு பார்க்க மரக்கரண்டி கைமாறும். உங்களிடமும் நீட்டுவார்கள். நீங்கள் சைவம் என்பதால் கணவரிடம் தள்ளிவிடுங்கள். அவர் கருத்துச் சொல்லியே ஆக வேண்டும், "நன்றாக இருக்கிறது" என்று தப்பிக்கக் கூடாது. உப்பு வேண்டுமா வேண்டாமா?

பிறகு அரிசி. ஆளுக்கு 100 கிராம் என்பது பொதுக் கணக்கு. பாத்திரத்தின் குறுக்கே வரப்பு மாதிரி நீளமாகக் கொட்டி, அதைப் பரப்பிவிடுவார்கள். பரப்பியபின் கரண்டி உள்ளே போகாது. கிளறினால் மாவு இறங்கிக் கஞ்சியாகிவிடும். முதல் பாதி நேரம் நல்ல தீ, பிறகு விறகை இழுத்துவிட்டுத் தணல். மொத்தம் 18 நிமிடம் போல. கடைசியில் ஒரு ரோஸ்மேரிக் கொத்தை மேலே போட்டு எடுத்துவிடுவார்கள். இறக்கி, துணியோ செய்தித்தாளோ போட்டு மூடி ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கை கழுவி உட்கார்ந்தாக வேண்டும். பாயேயா ஆளுக்காகக் காத்திருக்காது.

ஏப்ரல் 19, இரவு

முன்பு எழுதும்போது விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை வெளி அடுப்பில் பெரும்பாலும் ஆண்தான் நிற்பார். ஊரே அவரைப் பாராட்டும். சாலட் நறுக்கியது, காய் ஆய்ந்தது, ரொட்டி வாங்கியது, மேசை விரித்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். நான் இதைச் சொல்லாமல் இருக்க விரும்பவில்லை. இளைய தலைமுறையில் மாறிக்கொண்டு வருகிறது, எங்கள் மேல்வீட்டு மருமகள்தான் இப்போது தீயைப் பார்த்துக்கொள்கிறார், மகன் தட்டு கழுவுகிறார். ஆனாலும் போகிற இடத்தில் அடுப்படி ஆளைப் பாராட்டும்போது உள்ளே இருப்பவரையும் தேடிப்போய்ப் பாராட்டுங்கள். என் மனைவி அதைச் செய்தபோது அந்த அம்மா முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

ஏப்ரல் 20

"பாயேயாவில் சொரீசோ போடுவார்களா?" என்று கேட்டவருக்கு. சொரீசோ என்பது பிமெந்தோன் போட்ட பன்றித் தொத்திறைச்சி. போட மாட்டார்கள். அந்த மேசையில் போய்க் கேட்காதீர்கள், அல்லது நிறைய நேரம் இருந்தால் கேளுங்கள். 2016இல் ஜேமி ஆலிவர் என்கிற பிரிட்டிஷ் சமையல்காரர் சொரீசோ போட்டு ஒரு குறிப்பு வெளியிட்டார், ஸ்பெயின் முழுக்கக் கொந்தளித்தது. வலென்சியா அரசு 2021இல் பாயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்துவிட்டது.

இது வெறும் பிடிவாதம் இல்லை என்பது என் எண்ணம். தோப்பிலும் வயலிலும் கைக்கு எட்டியதை வைத்துச் சமைத்த ஏழைச் சாப்பாடு இது. முயல் கிடைத்தது, நத்தை கிடைத்தது, பீன்ஸ் கிடைத்தது. அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் விளைந்தது. அந்தப் பட்டியலை மாற்றினால் அவர்கள் தாத்தா பாட்டியின் நாள் ஒன்று அழிந்துபோவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் நத்தை சேருமா, ஆர்ட்டிச்சோக் சேருமா, வெங்காயம் ஆகுமா என்று அவர்களுக்குள்ளேயே ஊருக்கு ஊர் சண்டை ஓயாது. வெங்காயம் போட்டால் அரிசி குழையும் என்பது எங்கள் பெரியவர் கட்சி.

ஏப்ரல் 21

பாயேயாவைச் சாப்பிடுவது தட்டிலா, பாத்திரத்திலிருந்தேவா? இரண்டும் உண்டு. பாத்திரத்திலிருந்தே என்றால் அதை நடு மேசையில் வைத்து, சுற்றி எல்லோரும் மரக்கரண்டியோடு உட்காருவார்கள். உங்களுக்கு நேர் எதிரே இருக்கும் முக்கோணம்தான் உங்கள் பங்கு. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும். பக்கத்து ஆளின் எல்லைக்குள் கரண்டி போகக் கூடாது. வேண்டாத கறித்துண்டை நடுவில் தள்ளிவிடலாம், பிடித்தவர் எடுத்துக்கொள்வார். எச்சில் என்று நமக்கு ஒரு கூச்சம் வரும். அவரவர் எல்லையைத் தாண்டாததால் ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போவதில்லை என்பதைப் பார்த்ததும் என் கூச்சம் போய்விட்டது.

கடைசியில் அடியில் ஒட்டியிருக்கும் சொக்கராட். பால் சட்டியின் அடியில் சுரண்டித் தின்போமே, அந்தக் காந்தல் தரும் சந்தோஷம்தான். அதற்குச் சண்டையே நடக்கும். விருந்தாளிக்கென்று ஒரு துண்டு பெயர்த்துக் கொடுத்தால் உங்கள் கணவர் அதை உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

உபசாரத்துக்காக "வேண்டாம், போதும்" என்று சொல்லாதீர்கள். நம் வீடுகளில் மூன்றாம் தடவையும் கேட்பார்கள் என்று தெரிந்தே முதல் தடவை மறுப்போம். அங்கே நான் பார்த்தவரை, வேண்டாம் என்றால் நம்பிவிடுகிறார்கள். பசியோடு எழுந்திருக்க நேரும்.

ஏப்ரல் 22

ஒரு விஷயம், கொஞ்சம் கனமானது.

2024 அக்டோபர் 29 வெள்ளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வலென்சியா மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அல்சீராவுக்குப் பக்கத்து ஊரான அல்ஜெமெசியில் மக்ரோ ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. அந்தப் பகுதிப் பெரியவர்களுக்கு அது முதல் வெள்ளம் இல்லை. 1982 அக்டோபர் 20இல் தோஸ் அணை உடைந்து அந்தச் சமவெளியே தண்ணீருக்குள் போனது. எங்கள் மேல்வீட்டுக்காரர்களின் தோப்பு வீட்டுச் சுவரில் என் தோளுயரத்துக்கு ஒரு கோடு கீறி 1982 என்று எழுதியிருக்கிறது. சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டை மட்டும் விட்டு அடிக்கிறார்கள்.

நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகப் பேச ஆரம்பித்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். பெரும்பாலும் காபிக்கு அப்புறம்தான் அந்தப் பேச்சு வரும். நீங்கள் 4 மணிக்குக் கிளம்பினால் அது வரவே வராது.

ஏப்ரல் 23

"வலென்சியாவில் தண்ணீர்ப் பஞ்சாயத்து இருக்கிறதே, உங்கள் அல்சீரா விவசாயிகளும் அங்கேதான் போவார்களா?" என்று ஒரு நண்பர். இல்லை. வலென்சியா பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் வியாழன்தோறும் நண்பகல் கூடும் நீர் நீதிமன்றம் தூரியா ஆற்று வாய்க்கால்களுக்கானது. வாய்மொழி விசாரணை, வழக்கறிஞர் கிடையாது, விவசாயிகளே நீதிபதிகள். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அல்சீரா பக்கம் பாய்வது ஹூக்கார் ஆறு. அங்கே பெரிய வாய்க்கால், 13ஆம் நூற்றாண்டில் முதலாம் ஜவ்மே மன்னர் காலத்தில் வெட்டத் தொடங்கியது, அதற்குத் தனி நிர்வாகம்.

மதியச் சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், மேசையில் பேச்சு அதுதான். யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை, யார் மடையை முன்கூட்டித் திறந்தது, ஆரஞ்சு கிலோ என்ன விலைக்குப் போனது, பறிக்கிற கூலிக்குக் கட்டுமா. விலை கட்டாமல் பழத்தை மரத்திலேயே விட்டுவிடும் வருடங்கள் உண்டு. எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். முறைவைத்துத் தண்ணீர் விடுவது பற்றி நான் இரண்டு வார்த்தை சொன்னதும் மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது. அதுவரை என் அரைகுறை ஸ்பானிஷைக் காது கொடுத்துக் கேட்டது மரியாதைக்காக, அதற்கப்புறம் ஆர்வத்தால். உங்கள் வீட்டில் யாராவது விவசாயம் பார்த்திருந்தால் அதைச் சொல்லுங்கள். மொழி சுமாராக இருந்தால் பரவாயில்லை. அவர்களே உங்களுக்காக ஸ்பானிஷில் ஆரம்பித்து, இரண்டு நிமிடத்தில் அந்தப் பக்கத்து மொழியான வலென்சியனுக்குப் போய்விடுவார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் புகுவார். அது சண்டை இல்லை.

ஏப்ரல் 24

சாப்பாட்டுக்கு அப்புறம் சோப்ரமேசா, அதாவது மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முதல் நாள் எழுதியதையே திரும்ப விரிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் உணவைப் பற்றியே கேட்கிறீர்கள்.

பழம். நீங்கள் கொண்டுபோன கேக் தட்டு. காபி. வெயில் இருந்தால் பனிக்கட்டியும் எலுமிச்சைத் துண்டும் போட்ட காபி, வலென்சியாவில் அது சகஜம். அப்புறம் மிஸ்தேலா என்கிற இனிப்பு ஒயின், பாட்டிகூட ஒரு சின்னக் கிளாஸ் எடுப்பார். குடிக்காதவர் என்று சொன்னால் வற்புறுத்தியதை நான் பார்த்ததில்லை. பிறகு சீட்டுக்கட்டு வரும். த்ருக் என்று ஒரு ஆட்டம், இரண்டிரண்டு பேர் கூட்டணி, ஆளுக்கு மூன்று சீட்டு. கூட்டாளிக்கு முகத்தாலேயே ஜாடை காட்டலாம், அது விதிப்படியே செல்லும். புருவம் ஏறும், உதடு கோணும். கையில் ஒன்றுமே இல்லாதவர் பெரிய சீட்டு இருப்பதுபோலக் குரல் உயர்த்துவார். பெரியவர் நாற்காலியிலேயே கண்ணயர்வார், அவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒன்றும் பேசாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம், அதுவும் பங்கெடுப்புதான். கைப்பேசியை மட்டும் எடுக்காதீர்கள்.

கிளம்புகிறோம் என்று சொன்ன பிறகு கிளம்ப அரை மணி ஆகும். மறுபடி ஒவ்வொருவரிடமும் விடைபெற வேண்டும். அதையும் ரயில் கணக்கில் சேருங்கள்.

ஏப்ரல் 24, சற்றுப் பின்

நெருப்பு பற்றிக் கேட்டவருக்கு: காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் உள்ள நாட்களில், காட்டுக்குப் பக்கத்தில் வெளியே தீ மூட்டத் தடை வரும். அப்போது வளைய வளையமான கேஸ் அடுப்பு. புகை மணம் இருக்காது, யாரும் குறை சொல்லவும் கூடாது.

ஏப்ரல் 25

ஈஸ்டர் திங்களன்று இப்படி ஒரு வீட்டுக்குப் போனதாக ஒருவர், தன் நெற்றியில் யாரோ முட்டை உடைத்ததாக எழுதியிருக்கிறார். அவமானமாக எடுத்துக்கொண்டாராம். வேண்டாம் ஐயா. மோனா என்ற இனிப்பு ரொட்டியில் அவித்த முட்டையைப் பதித்துச் சுடுவார்கள். வெளியில் போய்ச் சாப்பிடும்போது அந்த முட்டையை யாராவது ஒருவர் நெற்றியில் தட்டி உடைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அந்நியர் நெற்றியில் உடைக்க மாட்டார்கள். உங்களைச் சேர்த்துக்கொண்டதால்தான் உடைத்தார்கள்.

ஏப்ரல் 28

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார், மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கம்: 8 மணி ரயிலையும் விட்டுவிட்டார்களாம், வீட்டுக்காரரே ஸ்டேஷனில் கொண்டுவந்து அடுத்ததில் ஏற்றினார். முட்டை இல்லாத சைவம் என்று முன்பே சொன்னதால் தனிப் பாத்திரத்தில் காய்கறி பாயேயா. இரண்டு பை ஆரஞ்சு. படித்து எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

"அம்மா உதவிக்கு வரவே விடவில்லை, அது சங்கடமாக இருந்தது" என்கிறார். முதல் தடவை விட மாட்டார்கள். இரண்டாம் தடவை போகும்போது கேட்காமல் தட்டுகளை அடுக்கி எடுத்துப் போங்கள், பேசாமல் விட்டுவிடுவார்.

ஏப்ரல் 29

பதிலுக்கு அவர்களை வீட்டுக்குக் கூப்பிட வேண்டுமா என்றால், கண்டிப்பாக. நகரத்துக்காரர்கள் பெரும்பாலும் உணவகத்தில்தான் சந்திப்பார்கள். வீட்டுக்கே கூப்பிட்டவர்களை வீட்டுக்கே கூப்பிடுவதுதான் முறை.

மதியம் கூப்பிடுங்கள், இரவு வேண்டாம். சோறு அங்கே மதியச் சாப்பாடு, ராத்திரி அரிசி வயிற்றுக்கு ஆகாது என்பார்கள், பாயேயாவும் அப்படித்தான். 2 மணி என்று சொல்லுங்கள். அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபின் நீங்கள் நின்றுகொண்டு பரிமாறாதீர்கள். வீட்டுக்காரி உட்காராமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். அவியல், பருப்பு நெய், அப்பளம், எலுமிச்சைச் சாதம், பாயசம் இவையெல்லாம் நன்றாகப் போகும். சாம்பாரில் மிளகாயைப் பாதியாக்குங்கள், ஊறுகாயை எட்டத்தில் வையுங்கள். ரசத்தைச் சின்ன டம்ளரில் தனியாகக் கொடுங்கள், சூப் மாதிரி எடுத்துக்கொள்வார்கள். மேசையில் ரொட்டி ஒன்று கட்டாயம் இருக்கட்டும், அது இல்லாமல் அந்தப் பெரியவருக்குக் கை ஓடாது. காபி டிகாக்ஷனைக் கூடுதலாகவே போட்டு வையுங்கள், 7 மணி வரைக்கும் வேண்டியிருக்கும்.